முட்டி வலித்தால் சைக்கிளை ஓரங்கட்ட வேண்டாம்; முதலில் சீட்டைப் பாருங்கள்



நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களுக்குச் சைக்கிள் எளிதில் கிடைத்த பொருள் அல்ல. 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிளுக்கு வந்ததாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளை ஓட்டினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

இன்று பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் தருகிறது. ஆனால் சில மாதங்களில் "முட்டி வலிக்குதும்மா" என்று வண்டி சுவரோரம் சாய்ந்துவிட்டால், பஸ் குறைந்த ஊர்களில் பிள்ளையின் ட்யூஷனும் படிப்பும் தடைப்படக்கூடும். வயதானவர்களுக்கோ சுஜூதிலிருந்து எழும்போது முட்டி பிடிக்கிறது. பல நேரங்களில் வண்டியை உடம்புக்கு ஏற்ப வைக்காததுதான் காரணம்.

வலி எங்கே இருக்கிறது?

முட்டிச் சில்லின் முன்பக்கம் வலித்தால், பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும். அல்லது முன்னால் தள்ளியிருக்கும். மடங்கிய காலை அழுத்தி மிதிக்க மிதிக்க, சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. முட்டியின் பின்பக்கம் வலித்தால் சீட் அதிக உயரமாக இருக்கலாம். பக்கவாட்டில் வலித்தால் பாதம் கோணலாக விழுகிறதா, முன்கம்பியில் பிள்ளையை வைத்துக் காலை அகட்டி மிதிக்கிறோமா என்று பாருங்கள்.

சீட் உயரம் வைக்கும் முறை

இதற்கு ஒரு ஸ்பேனரும், வண்டியைப் பிடிக்க ஓர் ஆளும் போதும்.

1. வழக்கமாக அணியும் செருப்போடு சீட்டில் நேராக உட்காருங்கள்.

2. ஒரு பெடலை அடியில் இறக்கி, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக்கூடாது.

3. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதியுங்கள். இப்போது அடியில் முட்டி சற்று மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம்.

4. ஓட்டும்போது பின்னாலிருந்து ஒருவர் பார்க்கட்டும். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் சீட்டைச் சற்று இறக்குங்கள். முழுக்க இறக்கியும் ஆடினால், அந்த வண்டியே உங்களுக்குப் பெரிது.

சீட் கம்பியில் உள்ள எல்லைக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றக்கூடாது. ஒரே நாளில் நிறைய ஏற்றாமல், அரை செண்டிமீட்டர் வீதம் ஏற்றிப் பழகுங்கள்.

இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்ற பயத்தில்தான் பலர் சீட்டைத் தாழ்த்துகிறார்கள். பழகும் வரை அது சரி. பழகிய பிறகு, நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கக் கற்றுக்கொண்டால் பயம் போய்விடும். டயரில் காற்று குறைந்தாலும், செயின் காய்ந்திருந்தாலும், அந்தப் பாரமும் முட்டிக்கே வரும்.

ஒரு கால் நீளம் குறைந்திருந்தால்

ஒரே முட்டி மட்டும் வலித்தால், முதலில் அந்தப் பக்கத்துப் பெடல் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வண்டி கீழே விழுந்திருந்தால் அப்படி ஆகும்.

பெடல் சரியாக இருந்தால் கால்களை அளக்கலாம். மல்லாந்து படுக்கவைத்து, இடுப்பின் முன்பக்க எலும்பு முனையிலிருந்து உள்கணுக்கால் எலும்பு வரை இரண்டு காலையும் இஞ்ச் டேப்பால் அளக்க வேண்டும். அரை செண்டிமீட்டர் வித்தியாசம் பலருக்கும் உண்டு, கவலை வேண்டாம். எலும்பு முறிந்து கூடியவர்களுக்கும், சிறுவயதில் போலியோ வந்தவர்களுக்கும் வித்தியாசம் அதிகமாக இருக்கலாம்.

வித்தியாசம் சிறிதானால், குறைந்த காலுக்கு எட்டும்படி சீட்டை வையுங்கள். அதிகமானால், நீளமான காலுக்குச் சீட்டை வைத்து, குறைந்த கால் பக்கத்துப் பெடலில் கெட்டியான ரப்பர் கட்டையைப் பொருத்தச் சொல்லுங்கள். பெடல் புரளும் என்பதால் இரண்டு முகத்திலும் கட்டை வேண்டும். திருகு போட்டு இறுக்க வேண்டும். கயிற்றால் கட்டினால் நழுவும். முதலில் வித்தியாசத்தில் பாதி அளவு போதும். உடம்பு பழகிய பிறகு தேவையானால் கூட்டலாம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

முட்டி வீங்கினாலும், சிவந்து சுட்டாலும், மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலும், ஓய்விலும் இரவிலும் வலித்தாலும் சைக்கிளை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். வளரும் பிள்ளை நொண்டினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். போலியோ பாதித்தவர்கள் உதவி உபகரணங்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

சீட் வைப்பது கால் மணி நேர வேலைதான். இந்த வாரம் உங்கள் வீட்டுப் பிள்ளையின் வண்டியைப் பாருங்கள். அப்படியே பக்கத்து வீட்டுப் பெரியவரின் வண்டியையும் பார்த்துக் கொடுங்கள்.