கதவுக்கு வர்ணம் பூசுமுன்

கரிசல் பூமியில் வாழ்வோர் புதுக் கதவுக்கோ ஜன்னலுக்கோ வர்ணம் பூச எண்ணினால், முதலில் யோசிக்க வேண்டியது பருவகாலத்தைப் பற்றித்தான். ஏனெனில் ஆனி, ஆடி மாதங்களில் கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேல்காற்று, கோவில்பட்டி வட்டாரத்துப் புழுதியை அள்ளிவந்து ஈர வர்ணத்தின்மேல் படியச் செய்துவிடும். ஐப்பசி, கார்த்திகையிலோ மரம் மழையீரத்தை உறிஞ்சிப் பருத்திருக்கும். ஆதலால் தை முதல் பங்குனி வரையே இவ்வேலைக்கு உத்தமமான காலம்.

மரம் நன்கு உலர்ந்தபின், 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 180 என்று படிப்படியாக, மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும்; குறுக்கே தேய்த்தால் விழும் கீறல்கள் எனாமல் பூசியபின்தான் பளிச்சென்று தெரியும். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உலரவிட்டால், படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். அவற்றையும் மென்மையாகத் தேய்த்து எடுத்துவிடுவது, பலர் அலட்சியம் செய்வதாயினும், வழவழப்புக்கு மூலாதாரமான காரியம். கணுக்களில் பிசின் கசியாதிருக்க, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பூசுதல் அவசியம்.

அதன்பின் பிரைமர், அது காய்ந்த பின்னரே பட்டி. வெறும் மரத்தில் நேராகப் பட்டி வைத்தால், அதிலுள்ள எண்ணெயை மரம் குடித்துவிட, நாளடைவில் பட்டி உதிர்ந்துபோகும். பலகையின் அறுத்த முனைகள் அதிகம் உறிஞ்சுமாகையால், அங்கே மட்டும் பிரைமரை இருமுறை பூசுக. தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளத் தவறாதீர்கள். மரத்தூள் நுரையீரலுக்குத் தீங்கு செய்வது.