'சொலிமா' என்ற வசவு

கேள்வி: காம்பியா நாட்டில் பெண்ணுறுப்புச் சிதைப்புக்கு இருக்கும் தடையை நீக்கச் சொல்லி, பெண்களே நாடாளுமன்ற வாசலில் கோஷம் போட்டதைப் பார்த்தேன் டாக்டர். பெற்ற தாய்க்கு எப்படி மனசு வருகிறது? சட்டம் இருந்தும் ஏன் நிற்கவில்லை?
– வாசகி, தேனி

பதில்: நீங்கள் பார்த்தது 2024 மார்ச்சில் நடந்தது. அங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 73 பேர் அறுக்கப்பட்டவர்கள்.

அந்தத் தாய்மார்கள் கல்நெஞ்சக்காரிகள் இல்லை அம்மா. மாண்டிங்கா மொழியில் 'சொலிமா' என்று ஒரு சொல். அறுக்கப்படாதவள் என்று அர்த்தம். வழக்கில் அது வசவு. முறை தெரியாதவள், வளர்ப்பு சரியில்லாதவள் எல்லாம் அதற்குள் அடங்கும். புகுந்த வீட்டு அடுப்படியில் மகள் அந்தச் சொல்லைக் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் தாய் அவளைக் கூட்டிப் போகிறாள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் முடிந்துவிடும்.

ரத்தப்போக்கு, சிறுநீர்த் தொற்று, பிரசவச் சிக்கல் என்று நான் அடுக்கலாம். ஊரில் எல்லோருக்குமே நடந்திருக்கும்போது, அதெல்லாம் பெண்ணாய்ப் பிறந்தால் வருவது என்று ஆகிவிடுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை. மதம் சொல்கிறது என்பார்கள். அதே காம்பியாவில் வோலோஃப் இனத்தாரும் முஸ்லிம்கள்தான். அவர்களிடம் இது குறைவு.

தடைச் சட்டம் வந்தது 2015-ல். முதல் தண்டனை 2023-ல்: மூன்று பெண்களுக்குத் தலைக்கு 15,000 டலாசி அபராதம். அதைக் கட்ட முன்வந்தவர் ஓர் இமாம்! தடையை நீக்கும் மசோதா அதன் பிறகு வந்ததுதான். 2024 ஜூலையில் உறுப்பினர்கள் அதைத் தோற்கடித்தார்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு, பக்கத்து செனகலைப் பார்க்க வேண்டும். 1997-ல் மலிகுண்டா பம்பாரா என்ற கிராமத்துப் பெண்கள், தாய்மொழியில் நடந்த வகுப்புகளுக்குப் போய்வந்த பிறகு, 'இனி எங்கள் ஊரில் இல்லை' என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். சுற்றுவட்டாரத்தில் ஒரே ஏச்சு. அப்போது தெம்பா தியவாரா என்ற பெரியவர் ஒரு கணக்குச் சொன்னார்: ஒரு கிராமம் மட்டும் விட்டால் அந்த ஊர்ப் பெண்ணை யார் எடுப்பார்கள்? பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் எல்லாம் ஒரே நாளில் விட்டால்தான் யாருக்கும் நஷ்டமில்லை.

கணக்கைச் சொன்னதோடு நிற்கவில்லை. சம்பந்தக்கார ஊர்களுக்கெல்லாம் நடந்தே போய், வெட்கப்பட்டுப் பேசாத விஷயத்தை உட்கார்ந்து பேசினார். 1998 பிப்ரவரியில் தியாபுகு என்ற இடத்தில் 13 ஊர்கள் சேர்ந்து அறிவித்தன. வழக்கம் செனகலில் முழுக்க ஒழிந்துவிடவில்லை. ஆனால் இப்படிச் சேர்ந்து அறிவித்த ஊர்களின் எண்ணிக்கை அதன்பின் ஆயிரக்கணக்கில் போய்விட்டது. அந்த நாட்டில் தடைச் சட்டம் வந்தது, 13 ஊர்களும் கூடிய அடுத்த வருஷம்.