படகு ஒரு பக்கமாக இழுக்கிறதா?

உழவுடன் மீன்பிடிப்பையும் மேற்கொள்ளும் கடலோரச் சிறு விவசாயிகளின் கண்ணாடியிழைப் படகுகளில், பின்பலகையில் பூட்டிய எஞ்சின் சில சமயம் ஒரு பக்கமாகவே இழுக்கும். கை அயர்ந்து பிடி நழுவினால் படகு சட்டெனத் திரும்பி ஆளையே கடலில் தள்ளிவிடும். எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் ஓட்டலாகாது.

வலையும் ஐஸ் பெட்டியும் ஒரே ஓரத்தில் குவிந்திருந்தால் எந்தப் படகும் இழுக்கத்தான் செய்யும். முதலில் பாரத்தைச் சரிசெய்க. எஞ்சின் நடுவில் இறுகப் பூட்டப்பட்டுள்ளதா எனவும் பார்க்க வேண்டும். அதன் சாய்வு மாறினாலும் இழுப்பு மாறும். சாய்வு ஊசியை ஒரு துளை மாற்றிப் பார்க்கலாம். கைப்பிடியின் இறுக்குத் திருகை முறுக்கி இழுப்பை மறைப்பது ஆபத்து. அவசரத்தில் எஞ்சின் எளிதில் திரும்பாது.

பின்னும் இழுத்தால், விசிறிக்கு மேலுள்ள சிறு துடுப்புத் தகட்டைக் கவனிக்க வேண்டும். (சில சிறிய எஞ்சின்களில் இது இராது.) எஞ்சினை நிறுத்தித் தூக்கி, தகட்டின் போல்ட்டைத் தளர்த்துக. படகு வலப்புறம் இழுத்தால் தகட்டின் பின்முனையையும் வலப்புறமே சிறிது திருப்ப வேண்டும். எதிர்ப்பக்கம் திருப்பத்தான் மனம் சொல்லும். அது இழுப்பைக் கூட்டும். வலப்புறம் திருப்பிய தகட்டை ஓடும் நீர் இடப்புறம் தள்ளுவதால் இழுப்பு ஈடாகிறது. போல்ட்டை இறுக்கி, வழக்கமான பாரத்துடன் வழக்கமான வேகத்தில் ஓட்டிப் பார்த்து, தேவையானால் இன்னும் சிறிது திருப்பலாம். தகடு துத்தநாகத்தால் ஆனதாயின் பெயின்ட் அடிக்கக் கூடாது. தான் அரிபட்டு எஞ்சினைக் காப்பதும் அதன் வேலையே.