பயிரும் பெருவெளியும்

சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும்பொருட்டு நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தார் வளர்ந்து நின்ற நெற்பயிரை இயந்திரங்களால் அழித்தனர். நிலம் முன்னரே கையகப்படுத்தப்பெற்றதாகலின் சட்டம் அவர் பக்கமே நின்றது. ஆயினும் வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் புக்கபொழுது நீதிபதி, அறுவடைகாறும் பொறுத்தலாகாதோ என வினவியதோடமையாது, பயிரின் துயரைத் தம் துயராகக் கொண்ட இராமலிங்க அடிகளையும் நினைவு கூர்ந்தார். பின்னர் ஏக்கருக்கு ரூ. 40,000 இழப்பீடு வழங்குமாறு ஆணை பிறந்தது.

சட்டநூலிற் பயிர் நிலத்தொடு ஒட்டிய பொருள். அடிகள் வாக்கிலோ அஃது உயிர். இவ்வேறுபாட்டை மன்றத்துட் புகுத்தியது செய்யுளேயன்றோ!

அவ்வூர்க்கு அணித்தாகிய வடலூரில் 1872ஆம் ஆண்டு அடிகள் திறந்த சத்திய ஞான சபையோ உருவகத்தையே கட்டடமாக்கி நிற்பது. எண்கோண மண்டபம், உள்ளே ஏழு திரைகள், அவற்றுக்கப்பால் சோதி. அத்திரைகளை மாயாசத்திகளாகக் கொண்டார் அவர். சித்தாந்திகளாகிய யாம் அவற்றை மலமறைப்பென்று கொள்ளினும் இழுக்கின்று. சொற்பூசல் ஈண்டு வேண்டா.

சபையைச் சூழ்ந்த பெருவெளியும் அக்கட்டடத்தின் உறுப்பே என்பது எம் துணிபு. வெளியின்றி ஞானவெளி என்னும் பொருள் எங்ஙனம் புலனாகும்? 2024ஆம் ஆண்டில் அரசினர் அங்கே சர்வதேச மையம் எழுப்பத் தொடங்கியபோது, பார்வதிபுரத்தார் தடுத்தனர். அதுவும் உயர்நீதிமன்றம் ஏறிற்று. சுவரில்லாத இடத்தையும் கட்டடமென மதித்தற்கு நில அளவைக் கணக்கு மட்டும் போதாது. சோதி காணத் தைப்பூசத்தன்று வருங் கூட்டம் நிற்பதும் அவ்வெளியிலேயாம்.