பதினாறாம் நாளுக்குப் பிறகு
(துணையை இழந்து தனித்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்)

1. காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியதும் வீடு பெரிதாகிவிடும். கை மட்டும் பழக்கத்தில் இரண்டு பேருக்கு அரிசி அளக்கும். ஒருவருக்கான சிறு டம்ளரை அரிசி டப்பாவிலேயே போட்டு வையுங்கள். சமைக்க மனமில்லாத நாளுக்கு இட்லி மாவும் பருப்புப்பொடியும் கைவசம் இருக்கட்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் பட்டினி கிடக்கவே கூடாது.

2. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பதினாறு முடிந்த பிறகு பார்த்தால் ஐந்து நாள்தான் மிச்சம். விவரம் தெரிந்த ஒரு பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். சான்றிதழில் நாலைந்து பிரதி வாங்கச் சொல்லுங்கள்.

3. மறைந்தவருடைய சிம்முக்கு ரீசார்ஜை உடனே நிறுத்தாதீர்கள். பேங்க், கேஸ் வேலைகளுக்கு ஓடிபி அதற்குத்தான் வரும். போனில் இருக்கும் குரல் பதிவுகளைப் பென் டிரைவில் ஏற்றி வையுங்கள். இப்போது கேட்கத் தோன்றாவிட்டாலும் பின்னால் தோன்றும்.

4. துணிமணிகளை யார் அவசரப்படுத்தினாலும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். பீரோவில் இடமா இல்லை? துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட காட்டன் புடவை, பேரக்குழந்தைக்குத் தூளி கட்ட உதவும். 'செத்தவர் துணியிலா?' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பாட்டி புடவையில் குழந்தை தூங்கினால் என்ன குறைந்துவிடும்?

5. அவர் பார்த்த வேலைகளில் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். பெண்கள் என்றால் சிலிண்டர் மாற்றுவது, ஈபி பில் கட்டுவது. ஆண்கள் டிகாஷன் இறக்கப் பழகலாம். முதலில் தண்ணியாகத்தான் இறங்கும். பொடியை லேசாக அமுக்கி, நன்றாகக் கொதித்த தண்ணீரை ஊற்றிப் பொறுமையாக விடுங்கள். நல்ல காபி அமைகிற அன்று அழுகையும் வரும், 'பரவாயில்லையே' என்றும் தோன்றும். இரண்டையும் வரவிடுங்கள்.

6. டிவியில் வடிவேலுவைப் பார்த்துச் சிரித்துவிட்டால் குற்ற உணர்ச்சி வேண்டாம். நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோபி, ஹெங்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் எழுதியது இதைத்தான்: துக்கத்தில் அமிழ்வதும் அன்றாடத்துக்குத் திரும்புவதும் மாறி மாறி வருவதே இயல்பு. நம் ஊரில் அக்கம்பக்கத்துக்குத்தான் அது புரிவதில்லை. பூ, பொட்டு விஷயமும் அப்படியே. வைப்பதா, விடுவதா என்பது உங்கள் இஷ்டம்.

7. முதல் வருஷம் தீபாவளி இல்லை என்பது வழக்கம். ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், உறவுக்காரர்கள் கொண்டுவரும் பலகாரத்தை மறுக்காமல் அவர்களுக்குக் கொடுங்கள். நீங்களும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

8. மாதங்கள் போன பிறகும் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். எண்ணைக் காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள்.