பானட் மேல் பூனையா?

புதுச்சேரி ரோமன் ரோலண்ட் வீதிப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் கார் ஷெட் இல்லை. வண்டி தெருவில்தான் நிற்கும். இன்ஜின் சூடு ஆறும்வரை பூனைகளுக்கு அதுவே படுக்கை. படுத்துவிட்டுப் போகட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் கவனம் வேண்டும். குட்டிகள் டயருக்கு மேலேயும், அடிவழியாக ஏறி ஃபேன் பெல்ட் அருகிலும் பதுங்கிவிடும். சாவி போடுமுன் பானட்டை ரெண்டு தட்டு தட்டி, ஹாரன் அடித்து, குனிந்து பாருங்கள். அரை நிமிஷ வேலைதான். செய்யாவிட்டால் ஓர் உயிர் போய்விடும்.

காலடித் தடத்தை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். அதிலுள்ள மணல்தான் பெயின்ட்டைக் கீறும். முதலில் தண்ணீர் ஊற்றுங்கள், பிறகு துடையுங்கள். கடற்காற்றின் உப்பும் சேர்ந்து போகும்.

பூனையை விரட்ட ஃபினாயிலோ அந்துருண்டையோ வேண்டவே வேண்டாம். பாதத்தில் ஒட்டியதை அது நக்கும், இரண்டும் விஷம். ரேடியேட்டர் கூலன்ட் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள். அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் கொஞ்சம் உள்ளே போனாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும். அடித்துத் துன்புறுத்துவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

பானட்டுக்கு உறை போட்டு, திண்ணை ஓரம் பழைய கோணிச் சாக்கை மடித்து வையுங்கள். சில நாளில் பூனை அங்கே பழகலாம்.