எட்டு லிங்கத்துக்கு எட்டு கிளாஸ் வேண்டுமா?

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை வழியில் எட்டு லிங்கங்கள். பக்தர்களுக்கு இந்தப் பாதையைக் காட்டும் இணையச் செயலியை எழுத உட்காரும் புதியவர், பெரும்பாலும் லிங்கம் என்று ஒரு கிளாஸ் எழுதி, அதிலிருந்து எட்டு கிளாஸ்களைப் பிரிப்பார். திறந்து பார்த்தால் பெயர், திசை, தூரம் மட்டுமே மாறியிருக்கும். செய்கிற வேலை எட்டுக்கும் ஒன்றுதான். பட்டியலில் எட்டு வரி, அதைப் படித்துக் காட்ட ஒரு ஃபங்ஷன் போதும்.

பௌர்ணமி நேரமும் அப்படித்தான். திதி தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டையும் வாங்கிக்கொண்டு, கிரிவலம் செல்ல உகந்த நேரத்தை ஒரு வரியில் தர வேண்டும். விடை சொன்னதும் எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லாத வேலை. இதற்குக் கிளாஸ் எழுதுவது வீண்.

அதே செயலியில் லாட்ஜ் பதிவு வேறு சங்கதி. அறை எண், வரும் தேதி, போகும் தேதி, முன்பணம், பதிவின் நிலை என்று ஐந்தும் ஒன்றாகவே நகரும். உறுதி செய்வது, ரத்து செய்வது, அறை மாற்றுவது எல்லாமே அந்த ஐந்தைத் தொடும். முதல் தடவை நான் இவற்றைத் தனித்தனி ஃபங்ஷன்களாக எழுதி, ஐந்தையும் ஒவ்வொன்றுக்கும் அனுப்பினேன். ஓரிடத்தில் இரண்டு தேதிகளும் இடம் மாறிவிட்டன. பிழைச் செய்தி வரவில்லை. தங்கிய நாள் 'மைனஸ் இரண்டு' என்று பில் வந்தது. பதிவு என்ற கிளாஸுக்குள் அவற்றை வைத்து, உருவாகும்போதே தேதிகளைச் சரிபார்த்த பிறகுதான் நிம்மதி. ஆனால் கூட்டம் நெரியும் கார்த்திகை தீபத்தன்று ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிடாமல் காப்பது கிளாஸின் வேலை கிடையாது. அதை டேட்டாபேஸ் டிரான்சாக்‌ஷனிடம்தான் விட வேண்டும்.

ஜாங்கோவில் கிளாஸா, ஃபங்ஷனா என்ற இந்தக் கேள்வி தினமும் வரும். 2011-ல் வந்த 1.3 பதிப்பிலிருந்து வியூவைக் கிளாஸாகவும் எழுதலாம். பட்டியல், விவரம், திருத்தம் என்று ஒரே அச்சில் பத்துப் பக்கம் இருந்தால் கிளாஸ் நிறைய உழைப்பை மிச்சப்படுத்தும். ஒரே ஒரு படிவம், அதிலும் பாதிப் பக்கம் தனி விதி என்றால் ஃபங்ஷனே மேல். மேலிருந்து கீழே படித்தால் புரிந்துவிடும். கிளாஸில் எழுதினால் மிக்ஸின் வரிசையில் கவனம் வேண்டும். லாகின் கட்டாயம் என்னும் மிக்ஸினை இடப்பக்கம் முதலில் போடாமல் லிஸ்ட்வியூவுக்கு வலப்பக்கம் போட்டால், அந்தச் சோதனை ஓடவே ஓடாது. பிழையும் காட்டாது. விருந்தினர்களின் போன் எண்கள் லாகின் இல்லாமலே திறந்து கிடக்கும்.

ரியாக்டில் முடிவு கிட்டத்தட்ட ஆகிவிட்டது. 2019 பிப்ரவரியில் 16.8 பதிப்பில் ஹுக்ஸ் வந்த பிறகு புதுக் குறிநிரல் பெரும்பாலும் ஃபங்ஷன்தான். திரை உடையும்போது தாங்கிப் பிடிக்கும் எரர் பவுண்டரிக்கு மட்டும் ரியாக்ட் இன்னும் கிளாஸைத்தான் கேட்கிறது.

முன்கூட்டியே முடிவெடுக்கச் சிரமப்பட வேண்டாம். ஃபங்ஷனில் தொடங்குங்கள். அதே மூன்று, நான்கு மதிப்புகளைக் கேட்டு மூன்றாவது ஃபங்ஷன் வந்து நிற்கும் அன்று, அவற்றைக் கிளாஸாகச் சேர்த்துவிடுங்கள். அரை நாள் வேலைதான். பௌர்ணமிக்கு முந்தின வாரத்தில் மட்டும் செய்யாதீர்கள்.